ஆயிரத்தெட்டு உரு

நான் பிடிவாதக்காரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், எல்லாம் விதி என்று நீங்கள் என்னைத் தேற்றத் தொடங்கிவிடுவீர்கள். எனக்குத் தேறுதல் வேண்டாம்.

தொண்ணூற்றேழில் மல்லாவிக்கு ஆறு மைல் தள்ளி ஒரு கொட்டிலில் இருந்தோம், நானும் கணவரும். யாழ்ப்பாணத்தை விட்டு ஓடிவந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. காணி, முன்பே மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய ஒருவருடையது. அவருடைய வயலில் அருவி வெட்ட, நெல் அறுக்கப் போன இடத்தில்தான் என் கணவரின் வலக் கண்ணில் நெற்கதிர் குத்தியது. ஐந்தாம் நாள் கருவிழியில் வெள்ளையாக ஒரு பொட்டு.

ஆஸ்பத்திரியில் டொக்டர் டோர்ச் அடித்துப் பார்த்தார். "இஞ்ச மருந்தில்லை அம்மா. வவுனியாவுக்குக் கொண்டு போங்கோ. ஒரு கிழமைக்குள்ள போனால் கண் தப்பும்."

வவுனியாவுக்குப் போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸுக்குப் பிணை வேண்டும். போகிறவர் திரும்பி வரும்வரை ஒருவர் இங்கே இருக்க வேண்டும். நான்தான் பிணை. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தோம். வடக்கே பாதை இல்லை, தெற்கே இராணுவச் சாவடி, மேலே எந்த நேரமும் குண்டு போடும் கிபிர் விமானம். வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுத் திறப்பை யாரோ கொண்டு போய்விட்டது போல இருந்தது.

என் கையில் மிஞ்சியது பஞ்சாட்சரம் ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது தீட்சை கேட்ட மந்திரம். கோவில் ஐயரிடம் போய், எத்தனை உரு சொல்ல வேண்டும் என்று கேட்டேன். "மனம் ஒன்றினால் போதும், பிள்ளை. எண்ணிக்கை பெரிசில்லை" என்றார். எனக்கு அது போதவில்லை. இவ்வளவு பெரிய பூட்டுக்கு இவ்வளவு சின்ன விலையா? காலையில் ஆயிரத்தெட்டு உரு. முடியும்வரை எழும்புவதில்லை, வேறு சொல் பேசுவதில்லை, தலைகூட அசைப்பதில்லை என்று நானே சட்டம் போட்டேன்.

உருத்திராக்க மாலை கிளாலிக் கடலேரியைப் படகில் கடக்கும்போது தண்ணீரோடு போய்விட்டது. அதனால் நூற்றெட்டுப் புளியங்கொட்டை, இரண்டு தேங்காய்ச் சிரட்டை. ஒரு நமசிவாயத்துக்கு ஒரு கொட்டை இந்தச் சிரட்டையிலிருந்து அந்தச் சிரட்டைக்கு. ஒன்பது சுற்று, பிறகு முப்பத்தாறு. முதல் மூன்று நாளும் உண்மையிலேயே சுகமாக இருந்தது. மூச்சு ஆறி, நெஞ்சில் ஓர் இடம் வெறுமையாகி, கொட்டிலுக்குள் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். தியானம் என்று பெரியவர்கள் சொல்வது இதுதானோ என்று நினைத்தேன். நாசமாய்ப் போக, அந்த நினைப்பு!

நான்காம் நாள் காலை ஆறாவது சுற்றில் இருந்தேன். கணவர் வாய்க்காலுக்குக் குளிக்கப் போயிருந்தார். பின்னால், சமைக்கிற குசினிப் பக்கத்தால் காணிக்காரர் சைக்கிளோடு வந்தார்.

"அக்கா, அண்ணன் எங்க? பாஸ் வந்திருக்கு. ஒம்பது மணிக்குப் பேரு வாசிக்கிறாங்களாம். அந்த நேரம் ஆள் நிக்கணுமாம்."

நான் கண்ணைத் திறந்தேன். வாயைத் திறக்கவில்லை.

"ஜெபத்துல இருக்கீங்களா? கேட்டுச்சுல்ல? சொல்லிருங்க. நான் மில்லுக்குப் போறேன்."

கேட்டது. ஒவ்வொரு சொல்லும் கேட்டது. நேரம் எட்டேகால். எழும்பு என்று ஒரு மனம். விசரி, இந்தப் பாஸ் வந்ததே இந்த மந்திரத்தால்தானே, பாதியில் எழும்பினால் தந்தவன் பறித்துவிடுவான் என்று இன்னொரு மனம். நான் இரண்டாவதின் பேச்சைக் கேட்டேன்.

வேகமாகச் சொன்னேன். நமசிவாய நமசிவாய என்று தொடங்கியது நம்சா நம்சா என்றாகிவிட்டது. கணவர் திரும்பி வந்தார். நான் ஜெபத்தில் இருக்கிறேன் என்று கண்டு, சத்தம் போடாமல் வாசலில் குந்திக்கொண்டு தலை துவட்டினார். எனக்கும் அவருக்கும் இடையில் நாலு முழம்தான். கட்டின கண்ணை ஈரத் துவாயால் ஒற்றிக்கொண்டிருந்தார். எட்டாவது சுற்றில் அவசரத்தில் என் கை இடித்துச் சிரட்டை கவிழ்ந்தது. கொட்டைகள் பாயெல்லாம் சிதறின. எண்ணிக்கை போய்விட்டது.

அப்போதாவது எழும்பியிருக்கலாம். இல்லை, நான் அந்தச் சுற்றை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

முடித்து எழும்பியபோது மணி எட்டே முக்கால். "இஞ்சருங்கோ, பாஸ் வந்திட்டுதாம்! காணிக்காரர் குசினிப் பக்கத்தால இப்பதான் வந்து சொல்லிப்போட்டுப் போறார்" என்றேன். ஆயிரத்தெட்டு நமசிவாயம் சொன்ன வாய், அடுத்த சொல்லாகப் பொய் சொன்னது.

அவரைச் சைக்கிள் கரியரில் ஏற்றி நான் மிதித்தேன். அந்தக் கிரவல் பாதையில், அந்தக் குழிகளில், என் உயிரையே மிதித்தேன். பாஸ் கொடுக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பட்டியல் வாசித்து முடிந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு உழவு மெசின் புறப்பட்டு இருபது நிமிடம் ஆகியிருந்தது. மேசையில் இருந்தவர் தாளைத் திருப்பிக் காட்டினார். "மூண்டு தரம் கூப்பிட்டது. இனி அடுத்த முறைதான்."

அடுத்த முறை வரப் பதினேழு நாள். வவுனியாவிலிருந்து அவர் ஒரு கண்ணோடு திரும்பி வந்தார். பிணையாக இருந்த நான் அன்றோடு விடுபட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள்.

அவர் திரும்பி வந்த அடுத்த நாள் காலை நான் பாய் விரிக்கவில்லை. காத்திருந்த பதினேழு நாளும், அவர் வவுனியாவில் இருந்த நாளும் விரிக்கவில்லை; இனி விரிப்பதாகவும் இல்லை. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன். அவர் பாயை எடுத்துக் கொண்டுவந்து விரித்தார். சிரட்டை இரண்டையும் தட்டித் துடைத்து வைத்தார்.

"நீர் இரும்" என்றார். "நான் குசினிப் பக்கம் நிக்கிறன். ஆர் வந்தாலும் நான் கதைக்கிறன். அண்டைக்கு நான் முன்வாசல்ல இருந்திட்டன், அதுதான் தெரியாமப் போச்சு."

அன்று எட்டேகாலுக்கே வந்து சொன்னதைக் காணிக்காரர் அவரிடம் எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை. பாயில் இருந்தேன். முதல் கொட்டையைக் கையில் எடுத்தேன். குசினி வாசலில் அவருடைய முதுகு தெரிந்தது. வெகுநேரம் அந்தக் கொட்டை என் கையிலேயே இருந்தது.