எழுதாமல் கொடுத்த புத்தகங்கள்

வெள்ளை வேனின் பின்கதவு திறந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஏறுவோம். யாரும் சொல்லித் தரவில்லை. உள்ளே அவ்வளவு புத்தகங்கள் இருந்ததால் அப்படித் தோன்றியது. மலேசியாவில் பாடாங் செராய் பக்கம் இருந்த எங்கள் ரப்பர் தோட்டக் குடியிருப்புக்கு அந்த நடமாடும் நூலகம் மாதம் இருமுறை வரும். ஓட்டி வந்தவரை வேன் அண்ணன் என்றே அழைத்தோம். நூலக அட்டை எடுக்கப் பிறப்புப் பத்திரம் வேண்டும். அப்பாவுக்கே அடையாள அட்டை இல்லாத வீடு எங்களுடையது. எனக்கு ஏது பத்திரம்? என்னைப் போல் இன்னும் பல பிள்ளைகள். வேன் அண்ணன் எங்களிடம் அட்டை கேட்டதே இல்லை. "எடுத்துக்க பாப்பா. எழுதினாத்தானே ஆபீஸ்ல கேப்பாங்க? கறி மட்டும் ஊத்திடாத லா" என்பார். "போன தடவ ஊத்துனதே இவதான் அண்ணே!" என்று பின்னாலிருந்து யாராவது காட்டிக் கொடுப்பார்கள். பல வருடங்கள் தமிழ்ப் புத்தகங்கள் இப்படித்தான் வந்து போயின, பதிவேட்டில் ஒரு வரிகூட விழாமல்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். பன்னிரண்டு வயதில் பத்திரம் கிடைத்தது. பல்கலைக்கழகம் போனேன். அந்த வேனை அனுப்பிய நூலகத்துக்கே அதிகாரியாக வந்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் என் தலை நிமிரும். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் வந்தபோது அதை முதலில் கற்றுக்கொண்டதும் நான்தான். வாசகர் தமிழில் கேட்டாலும் அது பதில் சொல்லும். பழைய இரவல் பதிவுகளையெல்லாம் படித்து, எந்தப் புத்தகம் இருக்கலாம், எது போகலாம் என்று பட்டியல் போடும். சென்ற ஆண்டு அது தந்த பட்டியலில், வேன் சேவை நின்றபின் எங்கள் அலமாரிக்கு வந்துசேர்ந்த தமிழ்ப் புத்தகங்கள் ஏறக்குறைய எல்லாமே இருந்தன. 'ஒருமுறையும் இரவல் போகாதவை' என்று எதிரே போட்டிருந்தது. எழுந்துபோய் ஒன்றையாவது கையில் எடுத்துப் பார்க்காமல் கையெழுத்திட்டேன். மறுவாரம் பழைய தாள் வாங்கும் லாரி வந்து அவற்றை ஏற்றிப் போனது.

மூன்று மாதம் கழித்து வேன் அண்ணன் வந்தார். ஓய்வு பெற்று, பாக்கார் ஆராங்கில் மகன் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். என் கழுத்தில் தொங்கிய பணி அட்டையைப் பிடித்துப் பார்த்துச் சிரித்தார். "அட, ஆபீஸரா! கறி ஊத்துன பிள்ளையா இது?" பிறகு தமிழ் அலமாரியைத் தேடினார். அங்கே கணினி மேசைகள் இருந்தன.

"யாருமே எடுக்கலன்னு சிஸ்டம் காட்டுச்சு அண்ணே" என்றேன்.

"அப்போ நான்தான் கெடுத்துட்டேன்" என்றார். "எழுதி வெச்சிருக்கணும் பாப்பா. எழுதாம குடுத்துட்டேன்."

மென்பொருளுக்குத் தெரியாதது எனக்குத் தெரிந்திருந்தது. அவற்றைப் படித்து வளர்ந்தவள் அவர் எதிரிலேயே நின்றிருந்தேன். கையெழுத்து என்னுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆபீஸர் என்று அவர் சிரித்த சிரிப்பை இழக்க மனம் வரவில்லை.

வேறொரு மூலையில் மிச்சமிருந்த ஒரே தமிழ் வரிசையிலிருந்து ஐந்து புத்தகங்களை உருவி என் மேசையில் வைத்தார். தலைப்பைக்கூடப் பார்க்கவில்லை. தன் அடையாள அட்டையை எடுத்து மேலே வைத்தார். "என் பேர்ல எழுது. நல்லா எழுது."

இப்போது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறி வருகிறார். ஐந்தைத் திருப்பித் தந்து வேறு ஐந்தை எடுத்துப் போகிறார். கண்ணில் புரை விழுந்து அவரால் படிக்க முடிவதில்லை என்று மகன் சொன்னார். கையெழுத்து என்னுடையது என்று நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.