மாப்பிள்ளை அழுத்திய காபி

எங்க வீட்டுக்காரர் ஆன்லைன்ல ஒரு ஃபிரெஞ்ச் பிரஸ் வாங்கினார். கண்ணாடி ஜாடி, நடுவுல அழுத்தற கம்பி. அன்னியிலேர்ந்து ஃபில்டர் காபி குடிக்கறவங்க எல்லாம் அவருக்கு நாகரிகம் தெரியாதவங்க.

இன்னிக்கு என் தம்பிக்காக, திண்டிவனத்துல இருந்து பொண்ணு வீட்டுக்காரங்க விழுப்புரத்துல எங்கம்மா வீட்டைப் பார்க்க வந்தாங்க. காபி குடிச்சா சம்பந்தம் பிடிச்சிருக்குன்னு அர்த்தம். குடிக்கலன்னா, சொல்லவே வேணாம்.

"காபி நான் போடறேன் அத்தை"ன்னு எங்க வீட்டுக்காரர் ஜாடியோட கிளம்பிட்டார். மாப்பிள்ளையாச்சே, அம்மா அடுப்பை விட்டு ஒதுங்கிட்டாங்க.

அதுக்குப் பொடி கொரகொரன்னு இருக்கணுமாம். இவர் அள்ளிப் போட்டது சிக்கரி கலந்த நைஸ் பொடி. கம்பி இறங்கல. பல்லைக் கடிச்சிக்கினு அழுத்தினார். பாதி சட்டையில, மீதி மண்டியோட டம்ளர்ல. பாலும் இல்ல, சர்க்கரையும் இல்ல. அதான் ஒரிஜினல் டேஸ்டாம்.

பொண்ணோட அப்பா ஒரு வாய் வெச்சிட்டு டம்ளரைக் கீழே வெச்சிட்டார். அம்மா முகம் செத்துப்போச்சு. தம்பி என்னையே பார்த்துக்கினு இருக்கான்.

பொண்ணோட அப்பா மெதுவா கேட்டார்: "எங்களுக்குச் சளி ஒண்ணும் இல்லீங்களே, எதுக்குங்க கசாயம்?"

நல்லவேளை, காலையில இறக்கின டிகாஷன் இருந்துச்சு. ஓடிப்போய் காபி கலந்து கொடுத்தேன். சொட்டு விடாம குடிச்சாங்க. தை மாசம் கல்யாணம்.

வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் "அவங்களுக்கு டேஸ்ட் தெரியல"ன்னு புலம்பிக்கினே வந்தவர், இப்போ கிச்சன் வாசல்ல நின்னுக்கினு கேக்கறார்: "டிகாஷன் இருக்கா?"

இருக்கு. அந்த ஜாடியும் மண்டியோட கழுவாம இருக்கு.

எதைக் கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்க.