செட் சாரின் அட்டைகள்

"இன்னும் செட் ஆகல சார், கால வைக்காதீங்க!" என்று கொத்தனார் கத்தியபோது செட் சார் ஒரு காலை ஏற்கெனவே வைத்துவிட்டார். வேறு யாராக இருந்தாலும் பதறி எடுத்திருப்பார்கள். இவர் ஈரச் சிமெண்டில் செருப்புப் பதிய நின்றபடியே சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். "இன்னொரு தடவை சொல்லுங்க. ஆகலயா, ஆவலயா?" கொத்தனார் சொன்னது அட்டையில் ஏறியது: வாக்கியம், சொன்னவர், இடம், நேரம். எங்கள் அலுவலக மாடியின் மூன்றாம் படியில் அந்தச் செருப்புத் தடம் இன்றும் இருக்கிறது.

நாங்கள் தயாரிப்பது, நம் பேச்சில் புழங்கும் ஆங்கிலச் சொற்களின் அகராதி. நான் பிழை திருத்துபவன். அவருக்கு எதிர் மேசை. ஏழு வருஷத்துக்கு முன்பு ‘செட்’ என்ற ஒரே ஒரு சொல்லை அவரிடம் ஒப்படைத்தார்கள், ஒரு வாரத்தில் முடித்துவிடுவார் என்று நம்பி. அன்றிலிருந்து அவர் செட் சார். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்கக்கூடும்.

பல் செட், பம்பு செட், சினிமா செட், டென்னிஸ் செட், நம்ம செட்டு ஆட்கள், செட் ஆகாத சட்டை என்று மொத்தம் நூற்றெண்பத்து மூன்று அட்டைகள். தேநீர் நேரத்தில் யார் மாட்டினாலும் பூர்வீகக் கதை ஆரம்பமாகிவிடும். "வைக்கிறது, உட்கார வைக்கிறதுங்கற செட்டு பழைய இங்கிலீஷ்ல பொறந்தது. கூட்டம்னு அர்த்தம் வருதே, அந்தச் செட்டு லத்தீன்காரங்க வீடு. ஒருத்தர் பின்னாடி போற கும்பல்னு அர்த்தம். பிரெஞ்சு வழியா வந்து சேர்ந்துச்சு. ரெண்டு வீட்டுப் பிள்ளைங்க சார். பேரு ஒண்ணா இருக்கவும் நாம ஒரே ஆளுன்னு நெனச்சுட்டோம்." கேட்பவரின் தேநீர் ஆறிவிடும். அவருடையதும்தான்.

தட்டச்சுப் பெண்ணுக்கு நிச்சயமான கல்யாணம் நின்றுபோனது. "எங்களுக்குள்ள செட் ஆகலண்ணா" என்று அவரிடம்தான் வந்து அழுதாள், பாவம். மூக்கைச் சிந்திவிட்டுத் தெளிவாக ஒருமுறை சொல்லச் சொன்னார். ஒரு மாதம் அவள் அவருடன் பேசவில்லை. அட்டை வரத்து குறைந்ததும்தான் அது அவருக்குத் தெரிந்தது.

போன வெள்ளிக்கிழமை காலையில் பதிப்பாசிரியர் அவர் மேசை முன் வந்து நின்றார். மற்ற சொற்கள் எல்லாம் அச்சகத்துக்குப் போய்விட்டன. "சார், அஞ்சு மணிக்குள்ள ரெண்டு பக்கம். இல்லன்னா பழைய பதிப்புல இருக்கற நாலு வரியையே போட்டுடுவேன்."

ஏழு வருஷம், நாலு வரி. செட் சாருக்கு முகம் வெளிறிவிட்டது. எனக்கே பாவமாக இருந்தது. அட்டைகளை மேசையில் பரப்பினார், அடுக்கினார், மறுபடி பரப்பினார். ஒன்றுகூடக் குறையவில்லை. இழுப்பறைக்குள்ளிருந்து புதிதாக இரண்டு கிடைத்தன.

மறந்து வைத்துவிட்டு வந்த சாப்பாட்டு டப்பாவோடு அவர் மனைவி உள்ளே வந்தது அப்போதுதான். டப்பாவை வைக்க இடம் செய்வதற்காக ஓர் அட்டையை எடுத்த அந்த அம்மாள், அதைப் படித்தார். அடுத்ததையும் படித்தார். "மனைவி, மனைவி, மனைவின்னே போட்டிருக்கு. இவ்ளோவா பேசினேன் நான்?"

எண்ணிப் பார்த்ததில் எழுபத்தொன்று. வீட்டில் இவர் வாயே திறப்பதில்லை என்று அந்த அம்மாள் எங்களிடம் பலமுறை குறைப்பட்டிருக்கிறார். காது திறந்திருந்தது யாருக்குத் தெரியும்!

ஓர் அட்டையில் அந்த அம்மாளின் கை நின்றது. ‘இந்த ஊரு எனக்குச் செட்டே ஆகலங்க. மனைவி, சமையலறை, காலை 7.10.’ தேதி ஐந்து வருஷம் பழையது.

"இதச் சொல்லிட்டு நான் அழுதேன். நீங்க பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிட்டீங்க."

"அட்டை எடுக்கத்தான் போனேன்."

"திரும்பி வந்தீங்களா?"

எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அச்சுத்தாளில் இல்லாத பிழையைத் தேடினேன். செட் சார் எழுபத்தொன்றையும் பொறுக்கி, ரப்பர் பேண்டு போட்டு, மனைவியிடம் நீட்டினார். மிச்சத்தை உட்கார்ந்து எழுதி முடித்தபோது மணி நாலே முக்கால். கச்சிதமாக இரண்டு பக்கம். மனைவி பேசியதை மட்டும் விட்டுவிட்டால் அந்தச் சொல் அவ்வளவு சின்னது.

அதுவரை காத்திருந்த அம்மாள் கட்டைப் பிரித்து, அந்த ஒரே ஓர் அட்டையை உருவி அவர் முன் வைத்தார். "இதுக்கு மட்டும் பதில் எழுதுங்க. வாயால வேணாம், அது உங்களுக்கு வராது."

ஐந்து மணிக்குப் பதிப்பாசிரியர் வந்தார். ஒரு காற்புள்ளியைக்கூட மூன்று தடவை பார்க்காமல் விடாத செட் சார், அந்த இரண்டு பக்கத்தையும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எடுத்து நீட்டினார். பிறகு அட்டையைத் திருப்பிப் போட்டு, நாங்கள் யாரும் எட்டிப் பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு, எழுத ஆரம்பித்தார்.