கொல்லை அறையில் நான் சொன்ன பொய்

கல்யாணமாகி நான் திருவண்ணாமலைக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். புகுந்த வீடு கோயிலில் பூஜை செய்யும் குடும்பம். வீட்டு விலக்கானால் மூன்று நாள் கொல்லை அறையில்தான் இருக்க வேண்டும். தனிப் பாய், தனித் தட்டு, தனி டம்ளர். நான்காம் நாள் தலைக்குக் குளித்த பிறகுதான் உள்ளே வரலாம். எனக்கு எந்த மாதம் வந்தது, எந்த மாதம் வரவில்லை என்பது அக்கம்பக்கத்துக்கெல்லாம் தெரியும். வெட்கக்கேடு.

எனக்கோ அது ஒழுங்காக வந்ததே இல்லை. முதல் வருஷம் இரண்டு மாதம் வரவில்லை. மாமியார் என்னைக் கிணற்றில் தண்ணீர் இழுக்க விடவில்லை. சாத்துக்குடி வாங்கிவரச் சொன்னார். தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். எனக்கும் தலைகால் புரியவில்லை. குழந்தைக்குப் பெயர்கூட யோசித்துவிட்டேன். ஒரு காலையில் புடவையில் கறை. பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லை அறைக்குப் போனேன். மாமியார் தட்டை எட்ட வைத்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்?" என்றார்.

மறு வருஷமும் அதே கதை, இந்தத் தடவை மூன்று மாதம். அப்போது மாமியார் தட்டை வைத்துவிட்டு மாவாட்டப் போய்விட்டார். அதுதான் தாங்க முடியவில்லை.

பிறகு நானே ஒரு காரியம் செய்தேன். இருபத்தெட்டு நாளுக்கு ஒரு தரம், வந்தாலும் வராவிட்டாலும், பாயை எடுத்துக்கொண்டு கொல்லை அறைக்குப் போய்விடுவேன். யாருக்கும் ஆசை காட்ட வேண்டாம், யார் வாயிலும் விழ வேண்டாம். அந்த மூன்று நாள் ஓய்வு பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவரிடம்கூட மூச்சு விடவில்லை.

ஆனால் சில தடவை, பொய்க்கு உட்கார்ந்து எழுந்த பத்தாம் நாள் நிஜமாகவே வந்துவிடும். மறுபடி எப்படிப் போய் உட்காருவது? அந்த நாளிலும் மடிப்புடவை கட்டிக்கொண்டு வீட்டுப் பூஜைக்கு நைவேத்தியம் சமைப்பேன். இந்தப் பாவத்துக்குத்தான் பிள்ளை இல்லை என்று எனக்கு நானே தீர்ப்பெழுதிக்கொண்டேன்.

நாலு வருஷம் கழித்து மாமியார் என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார்.

"மாசாமாசம் சரியா வருதாம்மா?" டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

மாமியார் முந்திக்கொண்டார். "டாண்ணு வரும் டாக்டர். ஒரு நாள் முன்னே பின்னே ஆகாது."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவி, அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். டாக்டர் சத்து டானிக் எழுதிக் கொடுத்து, "பயப்பட ஒண்ணும் இல்ல, கொஞ்சம் பொறுங்க" என்று அனுப்பிவிட்டார். பொறுத்ததில் இன்னும் மூன்று வருஷம் போயிற்று.

ஒரு மத்தியானம் மாவாட்டிக்கொண்டிருந்தபோது அடிவயிற்றைப் பிடித்து இழுத்தது. வாந்தி. நிமிர முடியவில்லை. வாடகைக் காரில் வேலூருக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். ஒரு சினைப்பையில் தேங்காய் அளவுக்குக் கட்டி வளர்ந்து, முறுக்கிக்கொண்டிருந்ததாம். மற்றதிலும் கட்டி. இரண்டு சினைப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

நினைவு தெளிந்த பிறகு அங்கிருந்த டாக்டர் தனியாக வந்து விசாரித்தார். முதல் தடவையாக எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதை ஆரம்பத்துலயே சொல்லியிருந்தா மருந்து குடுத்துப் பாத்திருக்கலாமேம்மா" என்றார். "இனிமே மாசமும் வராது. குழந்தைக்கும் வழியில்ல." அவர் கோபப்படவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் மாமியாரிடம் சொன்னேன். ஏழு வருஷம் அந்த அறையில் பொய்யாக உட்கார்ந்ததை, டாக்டரிடம் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நான் சும்மா இருந்ததை, அதனால் பிள்ளை போனதை. அழுதுகொண்டேதான் சொன்னேன். ஒரு வசவு, ஒரு அறை, ஏதாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அப்போ நிஜமா வந்த நாள்ல?" என்றார் மாமியார். "அன்னிக்கெல்லாம் உள்ளே சமைச்சியா?"

"ஆமாம்மா."

"சுவாமிக்கும்?"

தலையாட்டினேன். அவர் எழுந்து மாமனாரிடம் போனார். பிள்ளையைப் பற்றி அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. சாயங்காலமே மாமனார் தீட்டுக் கழிய மந்திரம் சொல்லி, கலசத்துத் தண்ணீரை மாவிலையால் வீடு முழுக்கத் தெளித்தார். அடுப்பில், பூஜை அலமாரியில், பிறகு நான் படுத்திருந்த பாயில். தையல் நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். புடவையை இழுத்து வயிற்றை மூடிக்கொண்டேன்.