வாய்க்காலை அடைத்த வாழைச் சக்கை

சண்டை போடத்தான் போனேன். காலை ஏழு மணிக்குத் தலையைக்கூட முடியாமல், கையில் சாயக் கறையோடு, என்னென்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டு போனேன். என் கோபம் ஊரறிந்தது. என் வீட்டுக்காரர் பின்னாலேயே வந்ததுகூட என்னைத் தடுக்கத்தான்.

திருப்பரங்குன்றம் தாண்டி, வீடுகள் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் எங்கள் சாயப் பட்டறை இருக்கிறது. நானும் அவரும் சுங்குடிச் சேலைகளுக்குச் சாயம் போடுகிறோம். வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். மதுரைக்குள் சந்து வீட்டில் இடம் போதாமல் இங்கே வந்தோம். மிஞ்சும் சாயத் தண்ணீர் பக்கத்து வாழைத் தோட்டத்தின் ஓரமாக ஒரு சிறு வாய்க்காலில் ஓடும். தோட்டத்துக்காரர் என்னைவிடப் பத்து வயது மூத்த ஓர் அக்கா. "ஏத்தா, என் கிணத்துத் தண்ணி செவக்குதுத்தா" என்று பல தடவை சொல்லிவிட்டார். ஒவ்வொரு தடவையும் நான் "பாக்குறோம்க்கா" என்றேன். பார்க்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். அன்று அதிகாலையில் அவர் வாய்க்காலை அடைத்துவிட்டார்.

அடைத்தால் எங்கள் பிழைப்பு நின்றது என்று அர்த்தம். பட்டறையில் இருக்கும் கழிவுத் தொட்டி மூன்று நாள் வேலைக்குத்தான் கொள்ளும். அதற்குப் பிறகு ஒரு சேலையைக்கூட நனைக்க முடியாது.

அடைப்புக்கு அந்தப் பக்கம் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். வாயைத் திறக்கப் போன நான் கீழே பார்த்துவிட்டேன். மண்ணோடு வாழைச் சக்கையைக் கூடை கூடையாகப் போட்டு அடைத்திருந்தார். தார் வெட்டிய மரங்களில் மெஷின்காரர் நார் உரித்துப்போன பிறகு மிஞ்சுகிற சிம்பும் சதையும்தான் அந்தச் சக்கை. தோட்டத்து மூலையில் குவிந்து கிடந்து நாறும். எங்கள் பக்கம் தண்ணீர் சிவப்பாகத் தேங்கி நின்றது. அந்தப் பக்கம் அடைப்பின் வழியாகக் கொஞ்சம் கசிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்து அந்தக் கசிவில் ஒரு கை அள்ளினேன். உள்ளங்கை ரேகை தெரிந்தது.

அடுக்கி வைத்திருந்த வசவெல்லாம் மறந்துபோயிற்று. வீட்டுக்காரரைப் பார்த்து எங்கள் பாஷையில் கடகடவென்று என்னவோ கத்தினேன்.

"சண்டைக்கு வந்தவ எதுக்குடி சிரிக்கிற? எனக்கும் புரியிறாப்ல சொல்லு" என்றார் அக்கா.

"அக்கா, உங்க சக்கை எங்க சாயத்தக் குடிச்சிருக்கு. அம்புட்டும் எனக்கு வேணும்."

"எடுத்துக்க. ஆனா வாய்க்காலத் தெறக்கமாட்டேன்."

அன்று மதியம் சோறு இறங்கவில்லை. போனில் தேடினால், வைக்கோல், தேங்காய் நார், வாழை நார் என்று வயலில் மிஞ்சுவதை வைத்துச் சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கப் பல ஊர்களில் முயன்றுகொண்டிருந்தார்கள். சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பெரிய டிரம்மில் சக்கையை அமுக்கி நிரப்பி, தொட்டித் தண்ணீரை ஊற்றினேன். பிறகு இரண்டு கை உப்பும் ஒரு கை சோடாவும் அள்ளிப் போட்டேன். யோசித்துச் செய்ததில்லை. நூலில் சாயம் ஏறுவதற்கு உப்பும் சோடாவும் போட்டுப் போட்டே பழகிய கை அது.

மறுநாள் காலை சக்கை பழைய நிறத்திலேயே கிடந்தது. தண்ணீர் முன்பைவிடக் கலங்கலாக இருந்தது. அழுகை வந்துவிட்டது.

வீட்டுக்காரர் டிரம்மை எட்டிப் பார்த்தார். "தண்ணியத் தெளிய வைக்கப் போனியா, வாழைக்குச் சாயம் போடப் போனியா?" என்றார்.

வேறு நேரமாக இருந்தால் அந்தப் பேச்சுக்கு அன்று அவருக்குக் காபி கிடைத்திருக்காது. அவர் விடாமல், "நேத்து வாய்க்கால்ல ஓடுனது எந்தத் தண்ணி?" என்று கேட்டார். அப்போதுதான் உறைத்தது. சாயம் போட்டு முடித்த சேலையில் சோடாக் காரம் தங்கக்கூடாது என்று கடைசியில் கொஞ்சம் ஆசிட் விட்டு அலசுவோம். முந்தின நாள் காலை முதலில் திறந்துவிட்டது அந்தப் புளிப்புத் தண்ணீர். ஒருமுறை கழிந்த சாயம் சோடாவுக்கு மறுபடி எதிலும் ஏறாது; புளிப்பில்தான் வாழைச் சக்கை அதைப் பிடித்திருக்கிறது. நான் சோடாவைக் கொட்டி அதன் வாயைக் கட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள். தொட்டி விளிம்புக்கு ஒரு சாண்தான் பாக்கி. காளவாசல் கடையிலிருந்து அவர் ஆசிட் கேனை வண்டியில் வைத்துக் கொண்டுவந்தார். புதுச் சக்கை நிரப்பிய நான்கு டிரம்களை வரிசையாக வைத்தோம். ஆசிட் கலந்த தண்ணீரை முதல் டிரம்மில் ஊற்றி, குழாய் வழியாக ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மெல்ல இறங்கவிட்டோம். முதல் டிரம்மின் சக்கை பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரக்கு நிறமானது. நான்காவதிலிருந்து இளநீர் மாதிரி ஒழுகியது. நான் ஈரத் தரையில் குதித்தேன். கல்யாணத்தன்றுகூட நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. அவரிடம் சொல்லவும் செய்தேன்.

ஓடிப்போய் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். வாளியில் பிடித்திருந்த தண்ணீரை அவர் நிறம் பார்க்கவேயில்லை. நான் தடுப்பதற்குள் விரலை நனைத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

"கலரு போயிருச்சு. ஆனா இம்புட்டு உப்புக் கரிக்குதே. இதையா என் வாழைக்கு விடப் போற?"

இருபது வருஷமாகத் தண்ணீரை நிறத்தை வைத்து மட்டுமே பார்த்திருக்கிறேன். நிறம் போனால் நல்ல தண்ணீர், அவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. அக்கா கோபப்படாமல் திரும்பிப் போனார். அது இன்னும் வலித்தது.

உள்ளே வீட்டுக்காரர் கடைசிச் சாயத் தொட்டிக்கு உப்பு மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தார். கழிவுத் தொட்டியில் இனி இடமில்லை, இதோடு நிறுத்திவிடலாம் என்றார். புதிதாகப் பிடித்த நல்ல தண்ணீரில் அவர் உப்பைக் கொட்டுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். தினமும் காலையில் முதல் வேலையாக நாங்கள் செய்வது நிறமில்லாத உப்புத் தண்ணீர். இப்போது வாளி வாளியாக வைத்துக்கொண்டு எங்கே கொட்டுவது என்று முழித்துக்கொண்டிருப்பதும் அதே நிறமில்லாத உப்புத் தண்ணீர்.

"நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று அவர் கையிலிருந்த மூட்டையைப் பிடுங்கினேன்.

டிரம் தண்ணீரில் புளிப்பு போகும் அளவுக்குச் சோடா போட்டு, ஒரு முழத் துணிக்குக் கருநீலம் போட்டுப் பார்த்தோம். ஏறியது. வழக்கத்தைவிட ஒரு பொட்டு மங்கல். வெளிர் நிறங்களுக்கு ஆகாது. கருநீலத்துக்கும் அரக்குக்கும் தாராளமாகப் போதும். அலசிய தண்ணீரும் அதே டிரம்களில் இறங்கி மறுநாளின் முதல் அலசலுக்கு வந்துவிடும். சாயம் ஏறிய சக்கையைக் காயவைத்துச் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. ஆனால் டிரம் தண்ணீர் சாயத் தொட்டிகளுக்கே போனதில், அன்று சாயங்காலத்துக்குள் கழிவுத் தொட்டியில் தண்ணீர் இரண்டு சாண் இறங்கியிருந்தது.

பொழுது சாயும் நேரத்தில் அக்கா மண்வெட்டியோடு வந்தார். முகம் வாடியிருந்தது.

"உங்க பொழப்பக் கெடுத்து நான் என்னத்தக் கண்டேன். அலசுற தண்ணிய மட்டும் விடுத்தா. தெறந்து விடுறேன்" என்றார்.

"வேணாம்க்கா. அடைச்சே கெடக்கட்டும்."

அவர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு என்னை நம்பாமல் பார்த்தார். நான் ஒரு கூடை மண்ணை அள்ளி அந்த அடைப்பின் மேல் கொட்டி, ஏறி நின்று மிதித்தேன்.