அதிகாரிகள் ஆற்றைப் பார்க்க வந்த நாள்

ஒகேனக்கல்லில் எங்கள் துறைக்கு எதிரே, அக்கரையில் என் தங்கையைக் கட்டிக்கொடுத்திருந்தோம். கொடுத்தபோது இரண்டு கரையும் மதராஸ் ராஜ்யம்தான். பிறகு எல்லை பிரித்து அக்கரையை மைசூரோடு சேர்த்துவிட்டார்கள். அதனால் எங்களுக்கு ஒன்றும் குறைந்துபோகவில்லை. என் வீட்டுக்காரர் பரிசல்காரர், நினைத்தால் போய்வருவோம்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் இரண்டு ராஜ்யத்து அதிகாரிகளும் சேர்ந்து வந்தார்கள். இரண்டு கரையையும் உல்லாசப் பயண இடமாக்கப் போகிறார்களாம். இங்கே பங்களா, அங்கே பூங்கா. என்னமோ சொர்க்கத்தையே இறக்கப் போகிற மாதிரி ஊரில் ஒரே பேச்சு. நாட்றாம்பாளையம் காட்டு வழியாக ஜீப்புகள் வந்து நின்றதும், இரண்டு கரையிலும் கிடந்த பரிசல் அத்தனையையும் அவர்களுக்கென்று பிடித்துவிட்டார்கள். என் வீட்டுக்காரரும் துடுப்பை எடுத்துக்கொண்டு போனார்.

அவர்கள் ஆற்றில் இறங்கிய கொஞ்ச நேரத்தில், அக்கரைப் பாறைமேல் என் தங்கை வீட்டுக்காரர் ஏறி நின்று சிவப்புச் சேலையை வீசினார். அருவி இரைச்சலில் கத்தினால் கேட்காது, துணியைத்தான் காட்டுவோம். சிவப்பு என்றால் பிரசவ வலி. தங்கைக்கு முதல் பிள்ளையே குறுக்கே கிடந்தது. வயிற்றைத் தடவித் திருப்பி நான்தான் எடுத்தேன். அக்கரையில் மருத்துவச்சி கிடையாது.

பரிசலில் இருந்தவர்களும் சேலையைப் பார்த்தார்கள். ஜனங்கள் வரவேற்கிறார்கள் என்று நினைத்து, கைக்குட்டையை எடுத்து ஆட்டினார்கள்! ஒருவர் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். பாறைமேல் நின்ற மனுஷன் பதறிப்போய் இன்னும் வேகமாக வீச, இவர்களுக்கு உற்சாகம் தாங்கவில்லை. பாவிகள்!

கரையில் நின்ற தாலுகா ஆபீஸ்காரரிடம் ஓடினேன்.

"சாமி, என் தங்கச்சிக்கு வலி எடுத்திருக்கு. ஒரே ஒரு பரிசலக் கூப்பிட்டு வுடுங்க சாமி."

"பெரிய அதிகாரிங்க உக்காந்திருக்காங்க, நடுவுல எறங்குங்கன்னு சொல்ல முடியுமா? கொஞ்சம் பொறும்மா. உங்க ஊருக்குத்தானே நல்லது செய்யறாங்க."

"என் தங்கச்சி செத்தப்புறம் உங்க நல்லது என்னாத்துக்கு?" என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நீந்திப் போகலாமென்றால் சுழல், எப்பேர்ப்பட்ட ஆளையும் உள்ளே இழுத்துவிடும். நின்றேன், வேறென்ன செய்ய?

என் வீட்டுக்காரரும் சேலையைப் பார்த்திருக்கிறார். "அது பிரசவத்துக்குக் கூப்புடறாங்க சாமி" என்று வாயைத் திறந்தும் இருக்கிறார். "மொதல்ல அருவிகிட்ட வுடுப்பா, அப்புறம் பேசலாம்" என்றார்களாம்.

பொழுது சாயும்போதுதான் பரிசல் கிடைத்தது. நான் போனபோது பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்திருந்தார்கள். தங்கை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். தலையைத் தொட்டேன், கையைத் தட்டிவிட்டாள்.

"பரிசலுங்க எல்லாம் ஆத்துல வெளையாட்டா சுத்திக்கினு இருந்துச்சாமே. நீயும் கரையில நின்னு பாத்துக்கினுதான் இருந்தியாம். ஏங்க்கா வரல?"