சித்திரையில் எடுத்த படம்

காலை ஏழரைக்கு ஆரப்பாளையத்தில் டவுன் பஸ் ஏறினேன். பரவைக்குப் பத்து ரூபாய். சந்தைக்குக் காலிச் சாக்கோடு ஏறியவர், "அண்ணே, கொஞ்சம் தெக்க தள்ளி உக்காருங்க" என்றார். நான் வடக்கே நகர்ந்தேன். அவர் சிரித்துவிட்டார். புவியியலில் முதுகலை படித்தவன் என்று அவரிடம் சொல்லிக்கொள்ளவா முடியும்?

பத்து ஆண்டுகளாகத் தல்லாகுளத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படங்களில் வயல், குளம், தரிசு என்று குறிக்கிறேன். வேலையும் தனியாக, சோறும் தனியாக. மறுநாள் அனுப்ப வேண்டிய படத்தில், பரவைக்கு மேற்கே இருந்த ஒரு கண்மாயைத் தரிசு என்று குறித்திருந்தேன். அப்படியே போனால், குடோன் கட்ட இடம் தேடுவோரின் பட்டியலில் அது ஏறிவிடும். படத்தில் தண்ணீர் இல்லை; ஆனால் கரை போல ஒரு வளைகோடு தெரிந்ததால் மனசு உறுத்தியது. மேலாளரிடம் போனில் சொன்னேன். "படம் பொய் சொல்லாதுய்யா. நேர்ல போய்ப் பாக்குறதெல்லாம் அந்தக் காலத்துப் புவியியல்" என்றார். கூட வர யாரும் இல்லை.

பரவையிலிருந்து மூன்று கிலோமீட்டர் நடை. ஒன்பது மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது கண்மாய் காய்ந்து வெடித்துக் கிடந்தது. படம் சொன்னது சரிதான் என்று திரும்பிப் போகப் பார்த்தேன். கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பேச்சியம்மாள் என்பவருக்குக் கண்மாய்க்குக் கீழே இரண்டு ஏக்கர் வயல். வந்த காரியத்தைச் சொன்னதும் கம்பை ஊன்றி நின்றுவிட்டார்.

"படத்தை எப்பப் புடிச்சீங்க?"

"சித்திரையில."

"சித்திரையில தண்ணி கெடக்குமா சார்? கார்த்திகையில வந்து பாருங்க, எம்புட்டுத் தண்ணின்னு. தரிசுன்னு எழுதிட்டா நாங்க எங்க போறது?"

கரை முழுக்க நடத்திக் கூட்டிப்போனார். மடைக்கல்லில் என் இடுப்பு உயரத்துக்குத் தண்ணீர்க் கறை. வாய்க்காலின் இருபுறமும் நெல் அறுத்த தாள். மேலிருந்து நான் பார்த்தது ஒரே ஒரு நாளைத்தான். வெட்கமாக இருந்தது. நடையின் நடுவே, "வீட்ல யாரு இருக்கா?" என்று கேட்டார். "யாருமில்ல" என்றேன். அதை வாய்விட்டுச் சொல்லி வெகுநாளாயிற்று.

பதினொரு மணிக்கு வேப்பமரத்தடியில் கள ஆய்வுப் படிவத்தை எடுத்து, 'தரிசு அல்ல, கண்மாய்' என்று எழுதினேன். கடைசிக் கட்டத்தில் கை நின்றது: 'உடன் வந்தவர் கையெழுத்து'. அது இல்லாமல் படிவம் செல்லாது. "கூட யாரும் வரல. இதை ஒத்துக்கிற மாட்டாங்கம்மா" என்றேன்.

"அப்ப நான் யாராம்? இம்புட்டு நேரம் கூடத்தானே நடந்தேன். குடுங்க" என்று பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டித் தன் பெயரை எழுதினார்.

திரும்பும் பஸ்ஸில் அந்தப் படிவத்தை மடிக்க மனம் வரவில்லை. பத்து ஆண்டுகளில் என் பெயருக்குக் கீழே இன்னொருவர் பெயர் வந்தது அன்றுதான். தல்லாகுளத்தில் அறையைத் திறந்தேன். அதை எடுத்துக் காட்ட அங்கே யாரும் இல்லை.